வாவிக்கரையிலே ஒரு கீரைப் பயணம்

மட்டக்களப்பு வாவியைப் பற்றி எழுதப் புகுவோர் பாடும் மீனைப் பற்றி எழுதுவர். முழுமதி நாளிலே கல்லடிப் பாலத்தின் கீழ் ஒளிரும் நீரைப் பற்றி எழுதுவர். இறாலையும் நண்டையும் பற்றி எழுதுவோரும் உளர். நாம் எழுதப் புகுந்திருப்பதோ கீரையைப் பற்றி. அதுவும் மனிதர் உண்ணும் கீரையைப் பற்றியன்று. இரு கைக்குள் அடங்கும் ஒரு சிற்றுயிர் உண்ணும் கீரையைப் பற்றி. அதன் பொருட்டு, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலே வாவியின் தென்பாகத்தை ஒரு முறை சுற்றி வந்தோம். இம்மண்ணிலே பிறந்து, இம்மண்ணிலேயே இருபது ஆண்டுகளாகக் கற்பித்தும் வரும் எமக்கு, எம் வாசலிலே முளைப்பவற்றைப் பற்றி எவ்வளவு குறைவாகத் தெரிந்திருந்தது என்பது அன்றுதான் விளங்கிற்று.

விருந்தாக வந்தவை

சென்ற ஆண்டு தைப்பொங்கலுக்குக் கொழும்பிலிருந்து வந்த எம் மைத்துனர், துளையிட்ட காகிதப் பெட்டி ஒன்றை எம் இளைய மகளின் கையிலே கொடுத்தார். உள்ளே இரண்டு கினிப்பன்றிகள். ஒன்று தூய வெள்ளை. மற்றொன்று கருமையும் செம்மையும் கலந்தது. அன்று மாலைக்குள்ளேயே அவற்றுக்குப் பஞ்சு என்றும் கறுப்பி என்றும் பெயர் சூட்டப்பட்டுவிட்டது.

கினிப்பன்றி என்னும் பெயரிலே இரண்டு பொய்கள் உள்ளன. அது கினி நாட்டினதுமன்று, பன்றியுமன்று. தென்னமெரிக்காவிலே, அந்தீஸ் மலைநாட்டு மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வளர்க்கத் தொடங்கிய கொறிவிலங்கு அது. 16ஆம் நூற்றாண்டிலே கப்பலேறி ஐரோப்பாவை அடைந்து, அங்கிருந்து உலகெங்கும் பரவிற்று. தமிழ்நாட்டார் அதனைச் சீமைப்பெருச்சாளி என்பர். வளர்ந்தது ஒரு கிலோகிராம் நிறை வரையில் இருக்கும். நன்கு பேணினால் ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வாழும். குட்டிகள் கண் திறந்தபடியே, உரோமத்துடன் பிறந்து, ஓரிரு நாளிலேயே புல்லைக் கடிக்கத் தொடங்கிவிடும். கடிக்கும் குணமோ மிகக் குறைவு. உணவு கொண்டு வருபவரின் காலடி கேட்டதும் சீழ்க்கை அடிப்பது போலக் கூவி அழைக்கும். குழந்தைகள் மனத்தைக் கவர இதனிலும் வேறென்ன வேண்டும்?

முதற் பத்து மாதங்கள் ஒரு குறையுமின்றிக் கழிந்தன. காலையிலே கூட்டிலிருந்து வெளியே விடுவோம். வளவிலுள்ள அறுகம்புல்லையும், விழுந்து கிடக்கும் கொய்யாப் பழத்தையும், வேலியோரத்துக் கீரையையும் அவை தாமே தேர்ந்து மேய்ந்தன. நாம் தனியாகக் கொடுத்ததெல்லாம் கோவாவின் வெளிமடலும், கரட் துண்டும், கடையிலே வாங்கிய குளிகைத் தீனியுமே. ‘மரக்கறி தின்னும் பிராணிதானே! எந்த மரக்கறியாயிருந்தால் என்ன?’ என்பது எமது எண்ணமாக இருந்தது.

பின்பு மாரி வந்தது. ஐப்பசியிலே தொடங்கிய மழை தை வரையில் ஓயவில்லை. வளவெல்லாம் வெள்ளம். ஈரப்புல் ஆகாதென்று கருதிக் கூட்டை உள்ளறைக்குக் கொண்டு சென்றோம். குளிகைத் தீனியும் கரட்டுமே அவற்றின் முழு உணவாயின. தைப்பொங்கலன்று கறுப்பி கூவவில்லை. மறுநாள் ஒரு காலை நிலத்தில் ஊன்ற மாட்டாமல் மூலையிலே ஒடுங்கிக் கிடந்தது. தூக்கினால் வலியிலே கீச்சிட்டது. உரோமம் சிலிர்த்து நின்றது. முரசிலே இரத்தக் கசிவும் தெரிந்தது.

கால்நடை வைத்தியர் அதனைப் பார்த்ததும் நோயின் பெயரை முதலிற் சொல்லவில்லை. “என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள்?” என்றே கேட்டார். நாம் சொல்லி முடிக்கு முன்னரே தலையை அசைத்தார். “இது விற்றமின் சி இல்லாத குறை. கப்பற்காரருக்கு வந்த ஸ்கர்வி நோய்தான் இதற்கும் வந்திருக்கிறது. குளிகைத் தீனியிலே அந்தச் சத்தைச் சேர்த்துத்தான் செய்கிறார்கள், ஆனால் மூன்று மாதம் இருந்தால் பெரும்பகுதி அழிந்துபோகும்” என்றார். வீட்டுக்கு வந்து பையைத் திருப்பிப் பார்த்தோம். அது செய்யப்பட்டு ஓராண்டு கடந்திருந்தது. வாங்கிய நாளிலே நாமும் பார்க்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை.

அன்றிரவு மகள் எம்மைக் கேட்ட கேள்வி இன்றும் காதிலே நிற்கிறது. “நாங்கள் கொடுத்ததைத்தானே அப்பா அது தின்றது?”

ஆம். கூட்டிலே வாழும் உயிருக்குத் தெரிவு இல்லை. தெரிவு முழுவதும் நம்முடையது. பிழையும் நம்முடையதே.

எமக்கும் அதற்கும் உள்ள உறவு

ஆடும் மாடும், நாயும் பூனையும், வளையிலே வாழும் எலியுங்கூடத் தமக்கு வேண்டிய விற்றமின் சியைத் தம் உடலுக்குள்ளேயே ஆக்கிக்கொள்கின்றன. அவ்வாற்றலை இழந்த விலங்குகள் சிலவே. மனிதனும் குரங்கும் அவ்வகையின; கினிப்பன்றியும் அவ்வகையினதே. நாள்தோறும் உணவிலே கிடைத்தாலன்றி நமக்கு வேறு வழியில்லை. அதற்கும் வேறு வழியில்லை.

இவ்வொற்றுமையே மருத்துவ உலகுக்குப் பெரும் பேறாயிற்று. 1907இல் நோர்வே நாட்டறிஞர்களான அக்செல் ஹோல்ஸ்டும் தியடோர் புரோலிக்கும், பெரிபெரி நோயை ஆராயும் பொருட்டுக் கினிப்பன்றிகளுக்குத் தானியத்தை மட்டுமே கொடுத்துப் பார்த்தனர். எதிர்பார்த்த நோய் வரவில்லை. கப்பற்காரரைக் கொன்ற ஸ்கர்வி வந்தது. பச்சைக் கோவாவையும் எலுமிச்சைச் சாற்றையும் கொடுத்தபோது அந்நோய் தடுக்கப்பட்டது. அதன் பின்னரே அந்நோயின் காரணத்தை ஆய்வுகூடத்திலே தேட முடிந்தது. 1932இல் ஹங்கேரி நாட்டின் செகெட் நகரிலே, அல்பேர்ட் சென்ட்-ஜியோர்ஜி தாம் முன்பு பிரித்தெடுத்திருந்த பொருளே விற்றமின் சி என்பதைத் தம் துணைவருடன் உறுதிசெய்தார். அச்சோதனைக்கும் கினிப்பன்றிகளே உதவின. பின்னர் அப்பொருளைப் பெருமளவில் எடுக்க அவருக்குக் கைகொடுத்தது அந்நகரத்து மிளகாய். இராப்போசனத்துக்கு மனைவி வைத்த மிளகாயை உண்ண விருப்பமின்றி, அதனை ஆய்வுகூடத்துக்கு எடுத்துச் சென்றதாக அவரே பிற்காலத்தில் வேடிக்கையாகக் கூறியதுண்டு. 1937இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

வைத்தியர் கொடுத்த சொட்டு மருந்தைச் சிறு குழாயினால் வாயிலே விட்டுவந்தோம். ஒரு வாரத்தில் கறுப்பி எழுந்து நடந்தது. எனினும் மருந்து நோய்க்கு உரியது. உயிர்க்கு உரியது உணவல்லவா? “நம் ஊரிலே இதற்கு என்ன கிடைக்கும் என்று ஒரு நாள் முழுவதும் தேடிப் பார்ப்போம்” என்றோம். மகள் ஒரு கொப்பியையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டாள். இல்லத்தரசி பனையோலைக் கடகம் ஒன்றைக் கொடுத்தனுப்பினார்.

சந்தையிலே

விடியற்காலையிலே கல்லடியைக் கடந்தோம். 1924இல் அமைந்த பழைய இரும்புப் பாலம், ஆள்பதி மானிங்கின் மனைவியார் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் அருகிலே 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலம். வலையெறியும் தோணிகள் பனியிலே மிதந்தன. புளியந்தீவை அடைந்ததும் கோட்டையின் மதில் கண்ணுக்குத் தெரிந்தது. போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, பத்தாண்டுகளின் பின் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை அது. அதற்கும் முன்னர், 1602இலேயே யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தக் கடற்படைத் தலைவன் மட்டக்களப்புக் கரைக்கு வந்து சேர்ந்தான். அக்காலத்துக் கப்பல்களிலே ஐரோப்பாவிலிருந்து புறப்பட்ட மாலுமிகள் மாதக்கணக்கில் உலர்ந்த ரொட்டியையும் உப்பிட்ட இறைச்சியையும் உண்டு, முரசு வீங்கி, மூட்டு நொந்து, பலர் நடுக்கடலிலேயே மாண்டனர். கரையிலே கிடைத்த பச்சிலையும் பழமுமே எஞ்சியோரை மீட்டன. இதனைச் சொன்னபோது மகள், “அப்படியென்றால் நாங்கள் கறுப்பியைக் கப்பலிலே ஏற்றிவிட்டோம்” என்றாள். எம்மால் இதனிலும் நன்றாக விளக்க முடியாது.

சந்தையிலே மலைநாட்டு மரக்கறி மலைபோற் குவிந்திருந்தது. நுவரெலியாவிலிருந்தும் வெலிமடையிலிருந்தும் லொறியிலே வந்த கரட், கோவா, போஞ்சி, பீட்ரூட், லீக்ஸ். கண்ணுக்கு அழகானவை, விலையும் அதற்கேற்றதே. ஆனால் எமது நோக்கத்துக்கு அவற்றைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

முக்கால் கிலோ நிறையுள்ள ஒரு கினிப்பன்றிக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை விற்றமின் சி வேண்டும். சினைப்பட்டதற்கும் நோயுற்றதற்கும் இன்னும் கூடுதலாக வேண்டும். நூறு கிராம் கரட்டிலே இருப்பது ஏறத்தாழ 6 மில்லிகிராமே, இனிப்போ அதிகம். கதைப் புத்தகங்களிலே முயலுக்கும் எலிக்கும் கரட்டைக் கொடுத்து ஓவியர் எம்மை ஏமாற்றியிருக்கின்றனர்! கோவாவிலே அச்சத்து உண்டு. ஆனால் அளவு மீறினால் வயிற்றிலே வாயு கட்டும். இவ்விலங்குக்கு வாந்தி எடுக்கும் ஆற்றல் இல்லாமையால், வயிற்று உப்பிசம் உயிருக்கே கேடாகலாம். வெளிறிய உருண்டை லெட்டூஸ் வெறும் தண்ணீர். லீக்ஸ், வெங்காயம், உள்ளி ஆகிய மூன்றும் நஞ்சு. உருளைக்கிழங்கும் ஆகாது. தக்காளியின் பழுத்த சதையைச் சிறிது கொடுக்கலாம். அதன் இலையும் தண்டும் பச்சைக் காயும் கூடா.

அக்குவியல்களுக்கு நடுவே ஒரு மூலையிலே இளம்பச்சை நிறத்துக் கறிமிளகாய் கிடந்தது. நூறு கிராமிலே ஏறத்தாழ 80 மில்லிகிராம் சத்து! விதையையும் காம்பையும் நீக்கிய ஒரு சிறு காயே ஒரு நாளைக்குப் போதும். காரமில்லாததாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. செகெட் நகரத்து அறிஞருக்கு உதவிய குடும்பமல்லவா? மிளகாயின் தாயகமும் அமெரிக்கக் கண்டமே. ஆகவே இவ்விரண்டும் ஒரே திசையினின்று கடல் கடந்து வந்து, மட்டக்களப்புச் சந்தைக் கடகத்திலே மீண்டும் சந்தித்துக்கொள்கின்றன.

சந்தைக்கு வெளியே, மதிலோரத்தில், ஒரு மூதாட்டி சாக்கு விரித்துக் கீரைக் கட்டுகளை அடுக்கியிருந்தார். வல்லாரை, பொன்னாங்காணி, முளைக்கீரை, கங்குன், முருங்கையிலை. “என்ன புள்ள, இவ்வளவு கீரையும் ஆருக்கு?” என்று மகளைக் கேட்டார். காரணம் அறிந்ததும் வாய்விட்டுச் சிரித்து, ஒரு பிடி முளைக்கீரையை இலவசமாகவே கடகத்திலிட்டார். “விடிய நாலு மணிக்குப் புடுங்கினது. பின்னேரத்துக்கு வைச்சிடாத, வாடினாச் சத்து போயிரும்” என்றார்.

அது பல்கலைக்கழகத்திலே கற்ற பாடமன்று. ஆயினும் முற்றிலும் உண்மை. விற்றமின் சி காற்றிலும் வெயிலிலும் நாட்போக்கிலும் அழியும் இயல்பினது. மூன்று நாள் லொறியிலும் கடையிலும் கிடந்த விலையுயர்ந்த மரக்கறியைக் காட்டிலும், இன்று காலை பறித்த ஒரு பிடி நாட்டுக்கீரை சிறந்தது. எனினும் கீரையிலும் அளவு உண்டு. முருங்கையிலையிலே சுண்ணச்சத்து மிகுதி. பசளியிலும் பொன்னாங்காணியிலும் முளைக்கீரையிலும் ஒட்சாலிக் அமிலம் உண்டு. இவற்றையே நாள்தோறும் கொடுத்தால் சிறுநீர்ப்பையிலே கல் உண்டாகலாம். இன்று ஒன்று, நாளை மற்றொன்று என்று மாற்றி மாற்றிச் சிறிதளவு கொடுப்பதே முறை. கங்குன் நல்ல கீரை. ஆனால் சாக்கடை நீரிலும் செழித்து வளரும் கள்ளக்கீரை. எங்கே பறித்தது என்று கேட்டே வாங்க வேண்டும்.

எழுவான்கரையிலே

வாவிக்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் மணற்பட்டியை எழுவான்கரை என்பர். ஞாயிறு எழும் கரை. மேற்கே நெல் விளையும் பெருநிலம் படுவான்கரை. ஞாயிறு படும் கரை. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி நீண்டு கிடக்கிறது. திசைக்கு இதனிலும் அழகிய பெயர் வைத்த ஊர் எதுவோ?

எழுவான்கரை வழியே தெற்கு நோக்கிச் சென்றோம். காத்தான்குடி, ஆரையம்பதி, தாழங்குடா, குருக்கள்மடம், செட்டிபாளையம், தேற்றாத்தீவு எனக் கிராமங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. களுதாவளையை அடைந்ததும் மணலே பசுமையாக மாறிற்று. வெற்றிலைக்குப் பெயர்பெற்ற ஊர் அது. கொடிக்கால்களின் நிழலை அடுத்து மிளகாய், கத்தரி, பயற்றை, வெங்காயம். மணலிலே இத்துணை விளைவா என்று வியப்போர், அதன் பின்னுள்ள உழைப்பை எண்ண வேண்டும். நீரும் எருவும் மனித முயற்சியால் நாள்தோறும் இடப்பட்டாலன்றி இம்மணல் ஒரு பயிரையும் தாங்காது.

ஒரு தோட்டத்திலே கறிமிளகாய் காய்த்துத் தொங்கியது. கடகத்தைக் கண்ட தோட்டக்காரர் ஓடிவந்து தடுத்தார். “சேர், அதத் தொடாதீங்க. மருந்தடிச்சு மூணு நாள்தான் ஆகுது. நாள் கழிஞ்சுதான் நாங்களே ஆய்வம். அந்தா, வீட்டுக்குப் பின்னால நம்மட கறிக்கு வைச்ச பாத்தி இருக்கு, அதில ஆயுங்க” என்றார்.

அவருடைய நேர்மை எம்மை நெகிழ்வித்தது. எமது அறியாமை எம்மை நாணச் செய்தது. எழுபது கிலோ நிறையுள்ள மனிதனுக்கு ஒரு பொருட்டாகாத நஞ்சு, முக்கால் கிலோ நிறையுள்ள உயிருக்கு எவ்வளவு பெரிது! பாத்தியிலே பறித்தாலும், சந்தையிலே வாங்கினாலும், ஓடும் நீரிலே நன்றாகக் கழுவி, நீரை உதறி உலர்த்திய பின்னரே கொடுத்தல் வேண்டும்.

பின்பாத்தியிலே கறிமிளகாயும், வெள்ளரிப் பிஞ்சும், வற்றாளைக் கொடியும் கிடைத்தன. வற்றாளையின் இலை கினிப்பன்றிக்கு நல்லுணவு. வேலியிலே நின்ற மரவள்ளியைக் காட்டி மகள், “இதுவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதானே அப்பா?” என்றாள். ஆம், அதுவும் அதன் சொந்த நாட்டுச் செடிதான். ஆனால் பச்சை மரவள்ளி இலையிலே சயனைட்டு நஞ்சு பிறக்கும். ஒரே நாட்டார் எல்லாரும் உறவினர் அல்லர்! கொய்யாவும் பப்பாசியும் உறவினர், சோளன் நெருங்கிய உறவினன், மரவள்ளி பகைவன். நூறு கிராம் கொய்யாவிலே 200 மில்லிகிராமுக்கு மேல் விற்றமின் சி உண்டு. பெருவிரல் அளவு துண்டு ஒன்றே ஒரு நாளைக்குப் போதும். பழத்திலே இனிப்பு உள்ளமையால் வாரத்தில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வேண்டியதில்லை.

பாதையிலே

களுவாஞ்சிகுடியைக் கடந்து குருமண்வெளித் துறையை அடைந்தோம். அங்கிருந்து மண்டூருக்கு வாவியைக் கடக்கும் மிதவைப் படகை எம் மக்கள் ‘பாதை’ என்றே வழங்குவர். தரையிலே போவதும் பாதை. நீரிலே போவதும் பாதை! மோட்டார் சைக்கிள்களும், நெல் மூட்டைகளும், பள்ளிப் பிள்ளைகளும், எமது கீரைக் கடகமும் ஒன்றாக ஏறின. நீர்க்காகங்கள் மீன்வலைத் தடிகளிலே சிறகை விரித்து வெயில் காய்ந்தன. கரையோரத்திலே ஊதா மலருடன் ஆற்றுவாழை அடர்ந்து மிதந்தது. “எவ்வளவு பச்சை! இதைப் பறிப்போமா?” என்றாள் மகள். வேண்டாம் என்றோம். நீரிலே கலக்கும் உலோகக் கழிவுகளையும் உறிஞ்சித் தன்னுள்ளே தேக்கும் செடி அது. பச்சையெல்லாம் கீரையாகாது என்று கொப்பியிலே எழுதிக்கொண்டாள்.

மண்டூரிலே முருகனை வணங்கி, படுவான்கரை வழியே வடக்கு நோக்கித் திரும்பினோம். அறுவடை முடிந்த வயல்கள் வைக்கோல் நிறத்திலே பரந்து கிடந்தன. மாடுகள் தாள் மேய்ந்தன. ஒரு வாடியிலே சோளன் அவித்து விற்றனர். உரித்த பச்சை மடல்கள் ஒரு குவியலாகக் கிடந்தன. “இதுக்கெல்லாம் காசு வேணாம், ஆட்டுக்குப் போடுறதுதான்” என்று ஒரு சாக்கு நிறைய அள்ளித் தந்தார் விற்ற பெண்மணி. வீட்டிலே அன்றிரவு அவை இரண்டும் கறிமிளகாயையும் விட்டு முதலிலே பாய்ந்தது அம்மடலின் மீதுதான். நாம் குப்பையென்று எறிவது எத்தனை உயிர்க்கு விருந்து!

வைக்கோலையும் ஒரு கட்டு எடுத்துக்கொண்டோம். உணவாக அன்று, படுக்கையாக. இங்கே ஒரு பெரும் உண்மையை நாம் அன்றுவரை அறியாதிருந்தோம். கினிப்பன்றியின் உணவிலே பெரும்பங்கு, ஐந்தில் நான்கு பங்கு என்றே சொல்லலாம், புல்லாகவே இருக்க வேண்டும். அதன் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டேயிருப்பவை. நார்மிகுந்த புல்லை இடையறாது அரைத்தாலன்றி அவை தேயா, குடலும் இயங்காது. கீரையும் காயும் அதன் பின்னரே வருபவை. நாளைக்கு ஒரு கோப்பை அளவு போதும். வரம்போரத்திலே ஆளுயரத்துக்கு நிற்கும் கினிப்புல் அதற்கு மிகவும் உகந்தது. விலங்கின் பெயரிலுள்ள கினி பொய்யாயினும், ஆபிரிக்காவிலிருந்து வந்த இப்புல்லின் பெயரிலுள்ள கினி மெய்யே! ஆனால் வரம்பிலே களைநாசினி தெளித்தார்களா என்று வயற்காரரைக் கேளாமல் ஒரு தாளும் அறுத்தல் கூடாது. மாரிக்கு முன்னரே இப்புல்லை வெட்டி, நிழலிலே நன்றாக உலர்த்திச் சேமித்திருப்போமாயின், கறுப்பியின் குடல் நலமாக இருந்திருக்கும். பூஞ்சணம் பிடித்ததை மாத்திரம் எறிந்துவிட வேண்டும்.

கல் நந்தியின் முன்னே

பிற்பகலிலே கொக்கட்டிச்சோலையை அடைந்தோம். தான்தோன்றீச்சரத்தின் நந்தியைப் பற்றிய கதையை மட்டக்களப்பிலே அறியாத குழந்தை இல்லை. கோயிலை இடிக்க வந்த போர்த்துக்கேயத் தலைவன், “உங்கள் கல் மாடு புல் தின்னுமோ?” என்று எள்ளி நகையாடினானாம். பூசகர் கண்ணீருடன் இறைவனை வேண்டி ஒரு பிடி புல்லை நீட்டினாராம். கல் நந்தி எழுந்து அப்புல்லை உண்டு சாணமும் இட்டதாம். வந்தவன் அஞ்சித் திரும்பினானாம். தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் ஐதிகம் இது.

எத்தனையோ முறை கேட்ட கதை. ஆயினும் அன்று, புல் நிறைந்த சாக்குடன் நந்தியின் முன்னே நின்றபோது அது புதிதாகக் கேட்டது. “கல் நந்திகூடப் புல்லைத்தானே அப்பா தின்றது! கரட் கேட்கவில்லையே!” என்றாள் மகள். சிரித்தோம். ஆனால் எம் உள்ளத்திலே தைத்தது வேறொன்று. அக்கதையிலே பெரிது கல் உண்டது மட்டுமன்று. ஒரு மனிதன் பிற உயிரின் உணவு எதுவென்று அறிந்து, அதனைக் கையிலேந்தி நின்றதுமாகும். நாம் கறுப்பிக்குக் கொடுத்தது அன்பில்லாமல் கொடுத்ததன்று. அறியாமற் கொடுத்தது. அறிவில்லாத அன்பு பட்டினியிலும் கொடியதாகலாம் என்பதை ஒரு சிற்றுயிரின் வீங்கிய மூட்டு எமக்குக் கற்பித்தது.

2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தின் வழியே மீண்டும் எழுவான்கரைக்கு வந்து, பொழுது படும் வேளையிலே வீட்டை அடைந்தோம்.

வீட்டிலே கடைப்பிடிப்பவை

அன்று தொடக்கம் எம் இல்லத்திலே ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. கூட்டிலே எந்நேரமும் புல் இருக்கும். தூய நீர் இருக்கும். காலையிலே கறிமிளகாய்த் துண்டும் ஏதேனும் ஒரு கீரையும். மாலையிலே சோளன் மடலோ, வற்றாளை இலையோ, வெள்ளரித் துண்டோ. புதிய உணவு எதுவாயினும் முதல் நாள் ஓர் இலை, அடுத்த நாள் இரண்டிலை என்று பழக்குவோம். சமைத்த உணவு இல்லை. சோறும் பாணும் இல்லை. உண்ணாமல் எஞ்சிய பச்சையை ஓரிரு மணி நேரத்திலே அகற்றிவிடுவோம். வாரந்தோறும் அடுக்களைத் தராசிலே இரண்டையும் நிறுத்துக் கொப்பியிலே குறிப்பது மகளின் கடமை. நோய் முதலிலே தெரிவது நிறையிலேதான். ஒரு நாள் முழுவதும் உண்ணாதிருந்தால் மறுநாளுக்குக் காத்திராமல் வைத்தியரிடம் செல்ல வேண்டும். மேல்காற்றாகிய கச்சான் வீசும் வெப்ப மாதங்களிலே கூட்டை நிழலிலும் காற்றோட்டத்திலும் வைக்க வேண்டும். மலைநாட்டு உயிராகையால் 30 பாகை வெப்பத்தையே அது தாங்க மாட்டாது.

இவ்வொழுங்கினால் இன்னொரு பயனும் விளைந்தது. கினிப்பன்றிக்கென்று வேலியோரத்தில் இட்ட முளைக்கீரைப் பாத்தி, இப்போது எம் அடுக்களைக்கும் உதவுகிறது. அதற்கு வேண்டிய சத்து நமக்கும் வேண்டியதுதானே! கீரையைத் தட்டின் ஓரத்திலே ஒதுக்கி வைக்கும் பழக்கமுடைய மகள், இப்பொழுது ஒதுக்குவதில்லை. “கறுப்பிக்கு வந்தது எனக்கும் வரும்” என்று தன் தமையனுக்கு உபதேசமும் செய்கிறாள். இருபது ஆண்டுக் கற்பித்தலிலே இத்துணை விரைவாக ஒரு பாடம் பதிந்ததை நாம் கண்டதில்லை.

இதனை எழுதிக்கொண்டிருக்கும் வேளையிலே வாசற்படலை திறக்கும் ஓசை கேட்கிறது. மகள் புல்லுடன் வருகிறாள். உள்ளறையிலிருந்து இரண்டு குரல்கள் ஒன்றாகக் கூவுகின்றன. வாவியிலே மீன் பாடுமென்பர். அதைக் கேட்க நள்ளிரவிலே தோணியேறிக் காத்திருக்க வேண்டும். எம் வீட்டுப் பாட்டைக் கேட்க ஒரு பிடி புல் போதும்.